கும்மிருட்டில் கேமரா: கேளிக்கை மையங்களில் படம் பிடித்துச் சம்பாதிக்க விரும்புவோருக்கு

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படம் பிடித்துப் பழகிய நம் இளைஞர்கள் பலரிடம் இன்று நல்ல கேமரா இருக்கிறது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஓய்வுக்கே நேரம் இருக்காது. ஆடி பிறந்தால் கல்யாண வேலை நின்றுவிடும். கேமராவுக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணை மட்டும் நிற்காது. அந்த நேரத்தில்தான் யாராவது ஒரு நண்பர் கேட்பார்: “சனிக்கிழமை ராத்திரி கிளப்பில் டிஜே நிகழ்ச்சி இருக்கு. வந்து படம் எடுத்துக் கொடுக்க முடியுமா?”

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள டிரெக் வளாகம், சங்காட் புக்கிட் பிந்தாங் என்று இரவு கேளிக்கை மையங்கள் வரிசையாக நிற்கும் இடங்கள் உண்டு. பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் பக்கம் தமிழ்ப் பாட்டுக்கென்றே கூட்டம் சேரும் சிறிய இடங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் வாரக் கடைசியில் ஒரு புகைப்படக் கலைஞர் தேவைப்படுகிறார். வேலை இருக்கிறது, சம்பளமும் உண்டு. ஆனால் மண்டபத்தில் கற்ற வித்தையை அப்படியே கொண்டுபோனால் அங்கே செல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

இருட்டை விரட்டப் பார்க்காதீர்கள்

கல்யாண மண்டபத்தின் கூரை பெரும்பாலும் வெள்ளை. பிளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் கூரையில் பட்டு மென்மையாக இறங்கும். கேளிக்கை மையத்தின் கூரையும் சுவரும் கறுப்பு. மேலே அடித்த வெளிச்சம் அங்கேயே போய்விடும், திரும்பி வராது. இதை அறியாதவர் பிளாஷின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவார், பேட்டரி தீரும், படம் இருட்டாகவே இருக்கும்.

கடைசியில் பிளாஷை நேராக முகத்தில் அடிப்பார். இப்போது முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும், பின்னால் கன்னங்கரேல் என்று ஒன்றுமே இருக்காது. படத்தில் இருப்பது கிளப்பா, வீட்டுக் கொல்லைப்புறமா என்று சொல்ல முடியாது. ஏற்பாட்டாளர் அந்தப் படத்துக்குப் பணம் கொடுக்க யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது, வந்தவர்களின் சிரித்த முகமும் அந்த இடத்தின் நிறமும் ஒரே படத்தில். அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேரை வரவழைக்க அதுதான் அவருடைய விளம்பரம்.

இதற்கான வழி, ஒரு படத்துக்குள் இரண்டு வெளிச்சம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான். ஒன்று உங்கள் பிளாஷ். அது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரமே மின்னி மறையும். மற்றொன்று அந்த இடத்தின் விளக்கு. அது விடாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் பிளாஷ் கொடுக்கும் வெளிச்சம் கூடாது, குறையாது. இடத்தின் விளக்கோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் படத்துக்குள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக, ஆளின் முகத்துக்குப் பிளாஷ், பின்னணிக்கு ஷட்டர். இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். ஐ.எஸ்.ஓ.வும் லென்ஸ் துவாரமும் இரண்டையும் சேர்த்தே மாற்றும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படித்தால் தலை சுற்றுவது போல் இருக்கும், செய்து பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். தீபாவளிக்குத் தொங்கவிட்ட சரவிளக்கை எடுத்து அறைச் சுவரில் மாட்டுங்கள். மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள். தம்பியையோ தங்கையையோ சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நில்லுங்கள். கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றி ஐ.எஸ்.ஓ. 800, துவாரம் எஃப் 5.6 என்று வையுங்கள். பிளாஷுக்கு வெள்ளை மூடி ஒன்றைப் போட்டு, அதையும் மேனுவலில் 1/32 சக்திக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஷட்டரை மட்டும் மாற்றி மூன்று படம் எடுங்கள்: 1/125, 1/15, 1/4.

முதல் படத்தில் சரவிளக்கு வெறும் புள்ளியாக மங்கித் தெரியும். இரண்டாவதில் சுவர் உயிர் பெறும். மூன்றாவதில் விளக்குகள் கோடு கோடாக இழுபடும். ஆனால் தம்பியின் முகம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். முகம் வெளுத்தால் பிளாஷை 1/64க்கு இறக்குங்கள், மங்கினால் 1/16க்கு ஏற்றுங்கள். ஷட்டரைத் தொட வேண்டாம்.

கிளப்பிலும் இதேதான். தொடங்கும்போது 1/15 நல்ல இடம். விளக்குகள் பலமாக இருந்தால் 1/30, மங்கலாக இருந்தால் 1/8. கை நடுங்கினால் படம் கலங்கிவிடாதா என்று கேட்பீர்கள். முகத்தில் விழுவது பெரும்பாலும் பிளாஷ் வெளிச்சம்தான். அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால் முகம் கூர்மையாக உறைந்துவிடும். பின்னால் உள்ள விளக்குகள் மட்டும் சற்று இழுபடும், அந்த இழுப்புதான் இடத்தின் ஆட்டத்தைக் காட்டும். ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் படம் எடுக்கும் ஆளின் முகத்தில் மேடை விளக்கு நேராக அடிக்கக் கூடாது. அடித்தால் அந்த முகமும் இரட்டையாகத் தெரியும். ஆளை ஓர் அடி நகர்த்தி, விளக்கு அவர் முதுகுப் பக்கம் வருமாறு நிற்கச் சொன்னால் போதும்.

பிளாஷில் ‘பின் திரை’ என்றொரு அமைப்பு இருக்கும். அதைப் போட்டால் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால் பிளாஷ் மின்னும். ஆடுகிறவரின் அசைவுக் கோடு அவருக்குப் பின்னால் விழும். சாதாரண அமைப்பில் கோடு முன்னால் ஓடும். பார்க்க என்னவோ போல் இருக்கும். சிலர் ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவைத் திருகி விளக்குகளைச் சுழல விடுவார்கள். இரவுக்கு ஐந்து படம் அப்படி இருந்தால் அழகு. ஐம்பதும் அப்படியே இருந்தால் பார்ப்பவருக்கு மயக்கம்தான் வரும்.

ஃபோகஸ் இன்னொரு தலைவலி. இருட்டில் கேமரா முன்னும் பின்னும் தேடித் தேடிக் கடைசியில் தவறவிடும். அகலமான லென்ஸ் இங்கே கைகொடுக்கும். முழுச் சட்டக கேமராவில் 24 மி.மீ., சிறு சென்சார் கேமராவில் 18 மி.மீ. வைத்து, எஃப் 5.6 துவாரத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஃபோகஸ் செய்து நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் வரை உள்ள எல்லாமே தெளிவாக விழும். பிறகு கேமரா தேட வேண்டியதில்லை. நீங்கள் சரியான தூரத்தில் நின்றால் போதும். எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால்தான் இருட்டில் எடுக்க முடியும் என்று கடைக்காரர் சொல்வார். மேடையில் இருக்கும் டிஜேயைப் பிளாஷ் இல்லாமல் எடுக்க அது உதவும், உண்மைதான். மூன்று நண்பர்கள் தோளில் கை போட்டு நிற்கும் படத்துக்கு எஃப் 1.8 ஆகாது, நடுவில் உள்ளவர் தெளிவாகவும் மற்ற இருவர் மங்கலாகவும் வருவார்கள். முதல் ஆறு மாதத்துக்கு, கேமராவோடு வந்த லென்ஸும் மேனுவல் வசதியுள்ள ஒரு சாதாரண பிளாஷும் இருந்தால் தாராளம்.

நம் நிறம், நம் முகம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிளாஷைத் தானியங்கி முறையில் விட்டால், கேமரா முன்னால் உள்ள கறுப்புப் பரப்பையெல்லாம் சேர்த்து அளந்து ‘இங்கே வெளிச்சம் போதாது’ என்று முடிவு செய்து தேவைக்கு மேல் அடிக்கும். கறுப்புச் சட்டை அணிந்து வந்தவர்கள் நிறைய இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மேனுவலில் வைத்து, தூரத்தை மாற்றாமல் நிற்கப் பழகுவதுதான் நம்பகமானது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், ஓர் அடி முன்னும் பின்னும் போவதே பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

நம் நாட்டில் ஒரே மேசையில் மாநிறமும் கறுப்பும் வெளுப்புமாக நண்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படத்தில் எல்லாருக்கும் மிக வெளுத்த முகம் வெடித்துப்போகாத அளவுக்குப் பிளாஷைக் குறைத்து எடுங்கள். கறுத்த முகத்தைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம். வெடித்துப்போன முகத்தில் எதையும் மீட்க முடியாது. அதற்காகவே ‘ரா’ கோப்பாகச் சேமிக்க வேண்டும். கறுத்த நிறத்தவர் பக்கவாட்டில் தனியாக நின்றால் அவரை உங்களுக்கு அருகே அரை அடி வரச் சொல்லுங்கள், வெளிச்சம் சமமாகிவிடும். தயவு செய்து கணினியில் யாரையும் வெள்ளையாக்காதீர்கள். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம் என்று பார்த்துச் சலித்துவிட்டோம்.

நீலமும் ஊதாவுமான எல்இடி விளக்கு நேராக முகத்தில் விழும்போது தோலின் விவரமெல்லாம் அழிந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். கொஞ்சம் பிளாஷ் சேர்த்தால்தான் மனித நிறம் திரும்பும். எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. கேமராவின் ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள். அந்தச் சத்தத்தில் உங்கள் ஷட்டர் ஒலி யாருக்கும் கேட்கப் போவதில்லை.

புகை கக்கும் இயந்திரம் ஓடும்போது பிளாஷ் அடித்தால் வெள்ளைத் திரைதான் படத்தில் இருக்கும். அரை நிமிடம் பொறுங்கள். லேசர் விளக்கு கேமராவுக்குள் நேராகப் பாய்ந்தால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழக்கூடும், ஆகவே லேசர் கூட்டத்தை நோக்கித் திரும்பும்போது லென்ஸைத் தாழ்த்திவிடுங்கள்.

பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தை நள்ளிரவில் நடந்துகொண்டே எடுத்தவர்களுக்கும், தோட்டத்து அம்மன் கோயில் தீமிதியை எடுத்தவர்களுக்கும் இதில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும். கூட்டத்துக்குள் இடிபடாமல் நுழைவது, நடக்கப் போவதை முன்கூட்டியே கணித்து நிற்பது எல்லாம் அங்கே கற்றதுதான்.

எடுக்கக் கூடாத படம்

படம் பிடிக்கும் கலையைவிட இதுதான் பெரிய விஷயம் என்பேன். கிளப்புக்கு வந்திருக்கும் பெண்ணின் அப்பா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருக்கலாம். நீங்கள் மறுநாள் முகநூலில் ஏற்றும் படம், மாலைக்குள் வாட்ஸ்அப் வழியாக அந்தத் தோட்டத்துக் கடை வரை போய்விடும். அந்தப் பெண் செய்தது தவறா இல்லையா என்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் அந்தப் படத்தால் வீட்டில் நடக்கக் கூடியதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அதனால் கேட்டுவிட்டு எடுங்கள். சத்தத்தில் பேச முடியாது. கேமராவைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாலே புரிந்துகொள்வார்கள். தலையாட்டினால் எடுக்கலாம், கையை மறித்தால் சிரித்துவிட்டு நகர வேண்டும். எடுத்ததைக் கேமராத் திரையில் காட்டுங்கள். “அண்ணே, இது வேணாம், அழிச்சிடுங்க” என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். இரவுக்குப் பத்துப் படம் போகட்டும். அழித்துக் கொடுத்தவரை மறுவாரம் அவர்களே கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்வார்கள்.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. முஸ்லிம்கள் மது அருந்துவது ஷரியா சட்டப்படி குற்றம். கூட்டரசுப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டம் இதைச் சொல்கிறது. கையில் கோப்பையோடு இருக்கும் ஒருவரின் படம் உங்களுக்கு வெறும் படம், அவருக்கு அது வழக்காகவும் ஆகலாம். எல்லாரையும் எடுக்கும்போதே கோப்பையைக் கீழே இறக்கச் சொல்லிப் பழகிவிட்டால் யாரையும் தனியாகப் பார்க்க வேண்டிய அவசியம் வராது. படமும் அழகாகவே இருக்கும்.

போதையில் தள்ளாடுபவர், அழுபவர், மேசையில் தூங்கிப்போனவர், பாவாடை விலகியவர், சண்டை: இவற்றில் எதையும் எடுக்காதீர்கள். ஏற்பாட்டாளர் கேட்டாலும் எடுக்காதீர்கள். கீழிருந்து மேல் நோக்கிப் பெண்களைப் படம் எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த ஒரு கோணத்தால் உங்கள் பெயர் போய்விடும்.

கேளிக்கை மையங்களில் போலீஸ் சோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் நடப்பது நாம் செய்தியில் படிப்பதுதான். அடையாள அட்டையும், அன்று உங்களை வேலைக்கு அழைத்ததற்கான வாட்ஸ்அப் செய்தியும் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, வேலைக்கு வந்தவர். வேலை முடியும் வரை எதுவும் குடிக்காமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

பணப் பேச்சு

புதியவர்களிடம் முதலில் வரும் பேச்சு இது: “இப்போதைக்குப் பணம் இல்லை தம்பி, உன் பேரைப் போடுறேன்.” கற்றுக்கொள்ள ஓர் இரவு இலவசமாகப் போவதில் தவறில்லை, அதையும் நீங்களே கேட்டுப் போங்கள். இரண்டாவது இரவிலிருந்து சம்பளம். பெயர் போடுவது தவணையைக் கட்டாது. அத்தோடு, ஒருவர் இலவசமாக நின்றால் இதையே நம்பியிருக்கும் இன்னொரு அண்ணனின் வேலையும் போகிறது.

எவ்வளவு கேட்பது? மற்றவர் விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, 200 வெள்ளிக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 முதல் 2 மணி வரை 4 மணி நேரம். போக வர ஒன்றரை மணி. எடுத்த 400 படத்தில் 80ஐப் பொறுக்கித் திருத்த 3 மணி. மொத்தம் எட்டரை மணி நேரம். எல்.ஆர்.டி. நள்ளிரவோடு ஓய்ந்துவிடும், திரும்புவதற்கு கிராப்தான். போக்குவரத்துக்கு 40 வெள்ளி கழித்தால் மீதி 160. மணிக்கு 19 வெள்ளிகூட இல்லை, இதில் கேமரா தேய்மானம் சேரவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் 100 வெள்ளிக்குத் தலையாட்ட மாட்டார்.

பணம் யார் கொடுப்பது என்பதையும் முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் மையமே கொடுக்கும். சில இடங்களில் அன்றைய ஏற்பாட்டாளர், சில நேரம் டிஜே. நிகழ்ச்சி முடிந்தபின் ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது நடுவில் நிற்பது நீங்கள்தான். தேதி, நேரம், எத்தனை படம், எப்போது ஒப்படைப்பது, எவ்வளவு பணம், யார் தருவது என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி, அவரைச் ‘சரி’ என்று பதில் போடச் சொல்லுங்கள். பாதிப் பணம் முன்பணம்.

காப்புரிமை பற்றிப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எடுத்த படம் எனக்குத்தான் சொந்தம் என்பார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணித்து எடுக்கப்பட்ட படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணித்தவருக்கே போய்விடும். உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளவும் மற்ற இடங்களில் காட்டி வேலை கேட்கவும் விரும்பினால் அதையும் அதே வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மதுபான நிறுவனம் ஒன்று அந்தப் படத்தை விளம்பரத்துக்குக் கேட்டால் தனிக் கட்டணம் என்றும், படத்தில் இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்றும் இன்னொரு வரி.

மாதத்துக்கு இரண்டு மூன்று இரவு என்று நிலைத்துவிட்டால் எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பெரிய மையங்கள் ரசீதும் நிறுவனப் பெயரில் வங்கிக் கணக்கும் கேட்கும். சுயதொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டின் 789வது சட்டத்தின்கீழ் சொக்சோ பாதுகாப்பும் இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு மோட்டாரில் கிள்ளானுக்குத் திரும்புகிறவர் அதை விசாரித்துச் சேர்வது நல்லது.

முதல் இரவுக்குப் போகுமுன்

முதல் வேலையைப் பெரிய மையத்தில் தேடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழ் டிஜே யாராவது சிறிய இடத்தில் வாசிக்கும் இரவில் போய் நில்லுங்கள். டிஜேக்கள் ஓர் இடத்தில் நிலைப்பதில்லை, வாரம் ஓரிடம் போவார்கள். அவர்களுக்குப் படம் பிடித்துவிட்டால் போகும் இடத்திலெல்லாம் உங்களைப் பற்றிச் சொல்வார்கள். கூட்டம் சேருமுன் அரை மணி நேரம் முன்னால் போய், மேடை விளக்கு எங்கிருந்து அடிக்கிறது, எந்த மூலையில் நின்றால் பின்னணி நன்றாக வருகிறது என்று பார்த்து வையுங்கள். பாதுகாவலரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். யாராவது உங்களிடம் தகராறு செய்தால் முதலில் ஓடி வருபவர் அவர்தான்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் நிற்கும் உங்களுக்கு இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் சில வெள்ளிக்கே கிடைக்கும் பொருள்.

மறுமின்னேற்றப் பேட்டரி இரண்டு தொகுதி, மெமரி கார்டு இரண்டு, லென்ஸில் தெறிக்கும் பீரைத் துடைக்க ஒரு மெல்லிய துணி, கேமரா வார் கழுத்தில். பையை மேசைக்கடியில் வைக்காதீர்கள். மதுக்கூட முகப்புக்குப் பின்னால் வைக்க அனுமதி கேளுங்கள். நிரம்பிய கார்டு பையில் இருக்கக் கூடாது, உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்த இரவே, தூங்குவதற்கு முன், நல்ல படங்களில் பதினைந்தை மட்டும் லேசாகத் திருத்தி ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிடுங்கள். வந்தவர்கள் மறுநாள் காலை எழுந்ததும் தேடுவது அதைத்தான். மீதியை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்கலாம். அனுப்பும் செய்தியின் கீழே, படத்தை நீக்க விரும்புவோர் தொடர்புகொள்ள உங்கள் எண்ணையும் சேர்த்து விடுங்கள். அழைப்பு வந்தால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.